பேஸ்பால் கார்டு சேக்குறதும், நம்ம கையாலயே கார்டு செய்யுறதும்: என் அனுபவம்

பேஸ்பால் கார்டு சேக்குறேன்னு சொன்னதும் நம்ம ஆளுங்க கேக்குற முதல் கேள்வி "வித்தா எவ்ளோ வரும்?"ங்குறதுதான். அவங்களைத் தப்பு சொல்ல முடியாது, நியூஸ்ல வர்ற சேதியே அப்படித்தான இருக்கு. 1952ல டாப்ஸ்ங்குற கம்பெனி போட்ட, மிக்கி மேன்டில்ங்குற பிளேயரோட கார்டு ஒண்ணு 2022 ஆகஸ்ட்ல 12.6 மில்லியன் டாலருக்கு ஏலம் போச்சு, அதே மாசம் நூறு வருஷத்துக்கு முன்னாடி சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வந்த ஹோனஸ் வாக்னர் கார்டு 7.25 மில்லியனுக்குப் போச்சு. இதைப் படிச்சுட்டு வர்றவங்களுக்கு கார்டுன்னாலே பெரிய பணம்தான் ஞாபகம் வரும். என்கிட்ட இருக்குறதுல முக்காவாசி ஒரு டாலர் கூடப் பெறாத கார்டுங்க. ஆனா அதுல எதைக் கையில குடுத்தாலும் அதைப் பத்தி அரை மணி நேரம் என்னால பேச முடியும். அந்த மாதிரி சேக்குறதைப் பத்தியும், அதுக்கு மேல ஒரு படி போய் நம்மளே கார்டு டிசைன் பண்ணி செய்யுறதைப் பத்தியும்தான் எழுதுறேன்.

நான் நியூஜெர்சில இருக்கேன். சின்ன வயசுல ஊர்ல ரெஸ்லிங் டிரம்ப் கார்டு, பபுள்கம் கூட வர்ற கிரிக்கெட் கார்டு எல்லாம் சேத்த கைதான், ஆனா பேஸ்பால் மேல பிடிப்பு வந்தது பையன் லிட்டில் லீக், அதாவது சின்னப் பசங்களுக்கான பேஸ்பால் லீக், ஆட ஆரம்பிச்ச அப்புறம். அவன் டீம்ல ஒரு பையனோட தாத்தா, கேம் நடக்கும்போது பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருப்பாரு, அவர்தான் ஒரு நாள் ஷூ பாக்ஸ் நிறைய பழைய கார்டு கொண்டு வந்து காட்டுனாரு. முன்னாடி போட்டோ, பின்னாடி அந்த பிளேயரோட ஒவ்வொரு வருஷக் கணக்கு, எத்தனை கேம், எத்தனை ஹிட், எத்தனை ஹோம் ரன், எந்த ஊர்ல பொறந்தான், சீசன் இல்லாதப்போ என்ன வேலை பாத்தான்னு கூட சில கார்டுல இருக்கும். ஒரு மனுஷனோட மொத்த உழைப்பையும் ரெண்டரை இஞ்ச் அகலம் மூணரை இஞ்ச் உயரத்துல அடக்கி வச்சிருக்காங்க. அந்த சைஸே 1957ல டாப்ஸ் கொண்டு வந்து அப்புறம் எல்லாரும் பின்பத்துனது, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சைஸ்ல போட்டாங்க.

புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்ல வேண்டியது இது. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அமெரிக்கர் யாராச்சும் "பேஸ்மென்ட்ல பழைய கார்டு பெட்டி இருக்கு, உன் பையனுக்கு எடுத்துக்கோ"ன்னு குடுப்பாங்க, நீங்க ஆசையா தொறந்து பாத்தா எல்லாம் 1987ல இருந்து 1992 வரைக்கும் வந்த கார்டா இருக்கும். அந்தக் காலத்துக்கு ஹாபில ஜங்க் வாக்ஸ்னு பேரு. 1980 வரைக்கும் டாப்ஸ் கம்பெனி கிட்டத்தட்ட தனிக்காட்டு ராஜா, ஃப்ளியர் கோர்ட்டுக்குப் போனதுக்கு அப்புறம் 1981ல ஃப்ளியரும் டான்ரஸும் உள்ள வந்தாங்க, 1989ல அப்பர் டெக் வந்துச்சு, அதுக்குள்ள "பழைய கார்டு எல்லாம் நல்ல விலைக்குப் போகுது"ன்னு ஊரே பேச ஆரம்பிச்சு, ஆளாளுக்குப் பெட்டி பெட்டியா வாங்கி சீல் பிரிக்காம அடுக்கி வச்சாங்க, கம்பெனிகளும் கணக்கு வழக்கு இல்லாம அடிச்சுத் தள்ளுனாங்க. எல்லார் வீட்லயும் பத்திரமா இருக்குற சாமானுக்கு எப்படி விலை ஏறும்? மேன்டில் கார்டு கதை இதுக்கு நேர் எதிர். அது இருந்தது 1952 செட்டோட, அதாவது அந்த வருஷத்து மொத்தக் கார்டு வரிசையோட, கடைசி சீரிஸ்ல, அது சீசன் முடியுற நேரத்துல வந்ததால விக்காம தங்கிடுச்சு, அந்த செட்டை உருவாக்குன ஸை பெர்கர் 1960ல மிச்சம் இருந்த பெட்டிகளை எல்லாம் கப்பல்ல ஏத்தி அட்லான்டிக் கடல்ல கொட்ட வச்சாரு. மிச்சம் இருந்த கொஞ்சத்துலயும் பசங்க விளையாடித் தேஞ்சது போக நல்லா இருக்குறது ரொம்பக் கம்மி. அதனாலதான் அந்த விலை.

ஆனா ஜங்க் வாக்ஸ் பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கஸ்டம் கார்டு, அதாவது தானே கையால கார்டு பண்றவங்களுக்கு அதுதான் கேன்வாஸ், அதைப் பத்தி கீழ சொல்றேன்.

சேக்குறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது செட் கட்டுறது. ஒரு வருஷத்து செட்ல ஒண்ணாம் நம்பர்ல இருந்து கடைசி நம்பர் வரைக்கும் சேக்கணும், ஸ்டார் பிளேயர் கார்டு எங்கயும் கிடைக்கும், யாருக்குமே தெரியாத ரிசர்வ் கேட்சர் (கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரி) கார்டு ஒண்ணுக்காக மாசக்கணக்கா அலைவோம். கார்டு ஷோவுக்குப் போனீங்கன்னா கண்ணாடிப் பெட்டிக்குள்ள லைட் போட்டு வச்சிருக்குற மேஜைல நிக்காதீங்க, கடைசி வரிசைல நீள நீள வெள்ளை அட்டைப் பெட்டியோட வயசான ஆளு ஒருத்தர் உக்காந்திருப்பாரு, அவர்கிட்ட போங்க. கார்டு பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர்னு இருக்கும். நமக்கு வேண்டிய நம்பர் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போய் நின்னுட்டே தேடணும். அவங்க சொல்ற கதைக்கே அங்க போகலாம். 1933ல கௌடிங்குற கம்பெனி பபுள்கம் கூட வித்த செட்ல 106ஆம் நம்பர் கார்டே இல்லாம வித்தாங்க, பசங்க அந்த ஒண்ணு கிடைக்கும்னு பபுள்கம்மா வாங்கிக் குவிச்சாங்க, கடுப்பாகி கம்பெனிக்கு லெட்டர் எழுதுனவங்களுக்கு மட்டும் அடுத்த வருஷம் நாப் லாஜுவேங்குற பிளேயர் கார்டை 106னு அடிச்சு போஸ்ட்ல அனுப்புனாங்கன்னு எனக்கு முதல்ல சொன்னது அப்படி ஒரு பெட்டிக்காரர்தான்.

கஷ்டம்னு பாத்தா முதல் எதிரி ஈரப்பதம். இங்க வெயில் காலத்துல பேஸ்மென்ட்ல ஈரம் ஏறிடும், கார்டு வளையும். பளபளப்புப் பூச்சு உள்ள 90கள்ல வந்த கார்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல் மாதிரி ஆகிடும், பலவந்தமா பிரிச்சா படம் உரிஞ்சு வந்துடும். டீஹியூமிடிஃபயர் போட்டு 50 சதவீதம் கிட்ட வச்சிருக்கேன், பெட்டியை தரைல வைக்காம ஷெல்ஃப்ல வைக்குறேன், வெயில் படுற ஜன்னல் பக்கம் எதையும் மாட்டுறது இல்ல. பைண்டர் ஷீட் வாங்கும்போது பிவிசி இல்லாததான்னு பாத்து வாங்கணும், பழைய மெத்துனு இருக்குற பிவிசி ஷீட்ல இருந்து ஒரு பிசுபிசுப்பு வந்து கார்டைக் கெடுத்துடும். கார்டு மேல முதல்ல பென்னி ஸ்லீவ்ங்குற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அப்புறம்தான் டாப்லோடர்ங்குற கெட்டி பிளாஸ்டிக் உறை, வெறும் கார்டை டாப்லோடர்ல சொருகாதீங்க, கீறல் விழும். போஸ்ட்ல அனுப்பும்போது டாப்லோடர் வாயை நீல பெயின்டர்ஸ் டேப் வச்சு ஒட்டுங்க, செலோ டேப் ஒட்டுனா வாங்குனவங்க பிரிக்குறப்போ பசை ஒழுகி கார்டு மேல படும், டேப் நுனியைக் கொஞ்சம் மடிச்சு விட்டா பிரிக்க சுலபம்.

ரெண்டாவது கஷ்டம் போலி. விலை அதிகமான பழைய கார்டு எல்லாத்துக்கும் ரீப்ரின்ட் இருக்கு, அதைப் பழசாக்கி ஒரிஜினல்னு விக்குறவங்களும் இருக்காங்க. நகைக்கடைல வச்சிருக்குற மாதிரி பத்து மடங்கு பெருசாக் காட்டுற லூப் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, விலை கம்மிதான். பழைய கார்டு ஆஃப்செட்ல அடிச்சது, அதுல போட்டோ பகுதி சின்னச் சின்னப் புள்ளியா தெரியும், ஆனா பேர் எழுதியிருக்குற கருப்பு எழுத்து, பார்டர் கோடு எல்லாம் பெரும்பாலும் ஒரே மையா முழுசா இருக்கும். ஸ்கேன் பண்ணி அடிச்ச ரீப்ரின்ட்ல எழுத்துக்குள்ளயும் புள்ளி தெரியும். அதே வருஷத்து, அதே செட்டோட விலை இல்லாத சாதா கார்டு ஒண்ணை எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, அட்டை தடிமன், பின்பக்க நிறம், அளவு எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும். இதை விட நல்ல டெஸ்ட் நான் பாக்கல.

கிரேடிங் பத்தி ரொம்பச் சொல்ல விரும்பல. பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் மாதிரி கம்பெனிக்கு அனுப்புனா 1ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட்டு பிளாஸ்டிக்ல சீல் பண்ணித் தருவாங்க. விலை உள்ள பழைய கார்டு வாங்குறப்போ இது பாதுகாப்பு. மத்தபடி இருபது டாலர் கார்டுக்கு அதே அளவு ஃபீஸ் கட்டி அனுப்புறது தேவை இல்லாத செலவு. 2021ல எல்லாரும் அனுப்பி அனுப்பி பிஎஸ்ஏவே மார்ச் மாசம் பெரும்பாலான சர்வீஸை நிறுத்தி வைக்குற அளவுக்குப் போச்சு. பிரேக்னு ஒண்ணு இருக்கு, லைவ்ல யாரோ பெட்டி பிரிப்பாங்க, நீங்க ஒரு டீமுக்கு முன்கூட்டியே பணம் கட்டி அந்த டீம் கார்டு வந்தா எடுத்துக்கணும். பசங்க இருக்குற வீட்ல இதை உள்ளயே விடாதீங்க. அது சூதாட்டத்தோட பழக்கத்தைத்தான் குடுக்குது, கார்டு மேல ஆசையைக் குடுக்குறது இல்ல. இதை நான் ரொம்ப உறுதியாவே சொல்வேன்.

இனி கஸ்டம் விஷயத்துக்கு வர்றேன், இதுக்குத்தான் இவ்ளோ எழுத ஆரம்பிச்சேன்.

கார்டை நம்ம கையால மாத்துறதும் புதுசா செய்யுறதும் ஹாபிக்கு அந்நியமான வேலை இல்ல. கம்பெனிகளே அதைத்தான் செஞ்சுட்டு இருந்தாங்க. 1989 அப்பர் டெக் ஒண்ணாம் நம்பர், கென் க்ரிஃபி ஜூனியரோட ரூக்கி கார்டு (புதுசா வந்த பிளேயரோட முதல் கார்டு), அந்தத் தலைமுறைக்கே தெரிஞ்ச கார்டு. அந்த போட்டோ எடுத்தப்போ அவர் தலைல இருந்தது சான் பெர்னார்டினோ ஸ்பிரிட்ங்குற மைனர் லீக் டீம் தொப்பி, அதை டச்சப் பண்ணி சியாட்டில் மரினர்ஸ் தொப்பியா மாத்தி அடிச்சாங்க. 1977ல ரெஜி ஜாக்சன் யாங்கீஸுக்கு மாறுனப்போ டாப்ஸ்ல பழைய டீம் போட்டோ மேலயே பெயின்ட் பண்ணி யாங்கீஸ் யூனிஃபார்ம் போட்டாங்க. இன்னும் ஒரு படி மேல, மோரி வில்ஸ்னு டாட்ஜர்ஸ் பிளேயர், 1962ல எம்விபி (அந்த சீசனோட சிறந்த பிளேயர் விருது) வாங்குனவரு, அவருக்கு 1967 வரைக்கும் டாப்ஸ் கார்டே கிடையாது. 1975ல பழைய எம்விபி எல்லாரோட கார்டையும் சின்னதா போட்டு ஒரு வரிசை விட்டப்போ, 1962 ஸ்டைல்ல வில்ஸுக்கு ஒரு கார்டை டாப்ஸே புதுசா உருவாக்கி உள்ள வச்சாங்க. அதாவது வராமப் போன கார்டு. இன்னைக்கு கஸ்டம் பண்றவங்கள்ல பாதிப் பேர் செய்யுறது அதுதான், அந்தக் காலத்துப் பெரிய ஸ்டாருங்க டெட் வில்லியம்ஸும் ஸ்டான் மூஸியலும் இல்லாம வந்த 1952 டாப்ஸ் செட்டுக்கு அவங்க ரெண்டு பேரையும் சேத்து கார்டு பண்றது. அந்த 1952 டிசைனையே ஸை பெர்கர் தன்னோட புரூக்ளின் வீட்டு கிச்சன் டேபிள்ல உக்காந்துதான் உருவாக்குனாரு, அதனால கிச்சன் டேபிள்ல வேலை பாக்குற யாரும் கூச்சப்பட வேண்டியது இல்ல.

ஆரம்பிக்குறவங்க ஜங்க் வாக்ஸ் காமன்ஸ்ல, அதாவது விலை இல்லாத சாதா கார்டுங்கள்ல இருந்து ஆரம்பிங்க. மேல இருக்குற வழவழப்பை மெல்லிய உப்புத்தாள் வச்சு லேசா தேச்சு எடுத்துட்டு, ஒரு மெல்லிய கோட் ஜெஸ்ஸோ (பெயின்டுக்கு முன்னாடி அடிக்குற வெள்ளை அடிப்பூச்சு) அடிச்சு காய விட்டா அக்ரிலிக் நல்லா பிடிக்கும். பிளேயர் உருவத்தை அப்படியே விட்டுட்டு பின்னணியை மட்டும் போஸ்கா பெயின்ட் பேனா வச்சு ஒரே நிறமா மூடிப் பாருங்க, அதுவே ஆளையே மாத்திக் காட்டும். பசங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அடுத்தது 3டி கார்டு. ஒரே கார்டு நாலஞ்சு காப்பி வேணும், ஜங்க் வாக்ஸ்ல அது ஈஸி. முதல் காப்பி முழுசா அடில, ரெண்டாவதுல பின்னணியை வெட்டி எடுத்துட்டு பிளேயரும் தரையும் மட்டும், மூணாவதுல பிளேயர் மட்டும், நாலாவதுல முன்னாடி நீட்டிட்டு இருக்குற கையும் பேட்டும் மட்டும்னு வெட்டி, நடுவுல மெல்லிய ஃபோம் டேப் ஒட்டி அடுக்குனா பேட் நம்ம முகத்துக்கு நேர நீட்டுற மாதிரி வந்துடும். எக்ஸாக்டோ கத்தில 11ஆம் நம்பர் பிளேடு, அதையும் ஒவ்வொரு ரெண்டு கார்டுக்கும் மாத்திடணும், மழுங்குன பிளேடு அட்டையைக் கிழிக்கும். வெட்டுன ஓரத்துல வெள்ளை அட்டை தெரியும், அதே நிற மார்க்கரால ஓரத்தை மட்டும் தடவி விடுங்க.

முழுசா புதுக் கார்டு பண்றதுதான் பெரிய வேலை. இதுல நானும் பையனும் ரொம்ப நாள் சேந்து செஞ்சது ஜாஷ் கிப்சன் கார்டு. அவரைப் பத்தித் தெரியாதவங்களுக்கு: கறுப்பின ஆட்டக்காரங்களை மேஜர் லீக்ல சேக்காத காலத்துல அவங்களுக்குன்னு தனியா இருந்த நீக்ரோ லீக்ஸ்ல ஆடுன கேட்சர், ஹோம்ஸ்டெட் க்ரேஸ், பிட்ஸ்பர்க் க்ராஃபோர்ட்ஸ் டீம்கள்ல இருந்தவரு. 1947 ஜனவரில, 35 வயசுல செத்துப் போனாரு. மூணே மாசம் கழிச்சு, ஏப்ரல் 15ஆம் தேதி அந்தத் தடையை உடைச்சு ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்ல இறங்குனாரு. 2024 மே மாசம் மேஜர் லீக் பேஸ்பால், நீக்ரோ லீக்ஸ் கணக்கையும் அதிகாரபூர்வமா சேத்தப்போ கிப்சனோட பேட்டிங் சராசரி .372, அதுவரைக்கும் முதல்ல இருந்த டை காப்போட .367ஐத் தாண்டி எல்லாக் காலத்துக்கும் முதல் இடத்துக்கு வந்துடுச்சு. ஆனா அவர் ஆடிட்டு இருந்த 1933ல கௌடி கம்பெனி 240 கார்டு போட்ட செட்ல அப்போ பெரிய ஸ்டாரா இருந்த பேப் ரூத்துக்கு மட்டும் நாலு கார்டு, கிப்சனுக்கு ஒண்ணு கூட இல்ல, அவரை மாதிரி ஒருத்தருக்கும் இல்ல. பையன் இதைக் கேட்டுட்டு "அப்பா, அப்போ நாமளே போடலாம்ல"ன்னான். அந்த செட் ஸ்டைல்லயே, அந்த வருஷம் அவர் இருந்த க்ராஃபோர்ட்ஸ் டீம்லயே போடுறதுன்னு முடிவு பண்ணோம்.

கௌடி கார்டு இப்ப இருக்குற அளவு கிடையாது, ரெண்டே முக்கால் இஞ்சை விடக் கொஞ்சம் உயரம், ரெண்டேகால் இஞ்சை விடக் கொஞ்சம் அகலம், தடியான அட்டை. ஒரே அழுத்தமான நிறத்துல பின்னணி, பெயின்டிங் மாதிரி ஆளு, பெரும்பாலானதுல கீழ சிவப்புப் பட்டைல கம் பேரு, பின்பக்கம் பச்சை மைல நாலஞ்சு வாக்கியம் வாழ்க்கைக் குறிப்பு. கிப்சன் போட்டோ கிடைச்சாலும் அதோட உரிமை யார்கிட்ட இருக்குன்னு தெரியாம எடுக்கக்கூடாதுன்னு, பல படங்களைப் பாத்துப் பழகி நாங்களே வரைஞ்சோம். (1900கள் ஆரம்பத்துப் பிளேயர்னா லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல பெரிய சைஸ்ல பழைய போட்டோவும், 1887ல இருந்து 1914 வரைக்குமான கார்டு ஸ்கேனும் இலவசமா கிடைக்கும், டிசைன் கத்துக்க அதை விட நல்ல இடம் இல்ல.) கார்டு சைஸை விட நாலு மடங்கு பெருசா பிரிஸ்டல் போர்டுல (வரையுறதுக்கான வழவழப்பான அட்டை) வரையணும், சின்னதாக்கி அடிக்கும்போது கோடு எல்லாம் கூர்மையாகிடும். மஞ்சள் பின்னணி வேணும்னு பையன் பிடிவாதம், ரூத்தோட 53ஆம் நம்பர் கார்டு மஞ்சள், அதுக்குப் பக்கத்துல வச்சா சமமா இருக்கணும்னான். முகத்துக்கு நிறம் கலக்குறதுக்கே ரெண்டு வாரம் மாதிரி ஆச்சு, அவசரப்படல. பின்பக்கத்துக்கு நாங்க எழுதுனது: 1911ல ஜார்ஜியால பியூனா விஸ்டால பொறந்தவர், க்ராஃபோர்ட்ஸ் கேட்சர், நாட்டுலயே பலமா அடிக்குறவங்கள்ல ஒருத்தர். 1933ல ஒருத்தர் எழுதியிருந்தா என்ன தெரிஞ்சிருக்குமோ அவ்ளோதான் எழுதணும்னு வச்சுக்கிட்டோம், பின்னாடி நடந்ததை எல்லாம் சேக்கல.

பிரின்ட் பண்றதுல சில விஷயம் கவனிக்கணும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே பேப்பர்ல ரெண்டு பக்கமா அடிச்சா கொஞ்சமாச்சும் நகந்துடும், அதனால தனித்தனியா அடிச்சு ஒட்டுறதுதான் சரி. முன்பக்கம் மேட் போட்டோ பேப்பர், பின்பக்கம் லேசா மஞ்சள் அடிச்ச தடி அட்டை. இன்க்ஜெட்ல அடிச்சா ஒரு நாள் முழுசா காய விடணும். ஒட்டுறதுக்கு ஸ்ப்ரே பசை, தண்ணிப் பசை போட்டா ஓரம் எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டுக்கும். ஒட்டுன அப்புறம் ரெண்டு பக்கமும் வெள்ளைத்தாள் வச்சு கனமான புக்குங்களுக்கு அடில ராத்திரி முழுக்க வைக்கணும். வெட்டுறது கடைசி வேலை, ஒட்டுறதுக்கு முன்னாடி வெட்டக்கூடாது. ஸ்டீல் ஸ்கேலும் ரோட்டரி கட்டரும் வச்சு ஒரே அழுத்துல வெட்டாம, லேசா நாலஞ்சு தடவை ஓட்டுனா ஓரம் கத்தி மாதிரி வரும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா அட்டை ரெண்டு அடுக்குன்னே தெரியாத அளவுக்கு வந்தப்போ பையன் மூஞ்சில இருந்த சந்தோஷம் இருக்கே, எந்த பாக்கெட் பிரிச்சும் நான் அதைப் பாத்தது இல்ல.

அந்தக் கார்டு பின்பக்கம் கீழ "கஸ்டம், வீட்டுல செஞ்சது"ன்னும் செஞ்ச வருஷமும் அடிச்சிருக்கோம். இதை எல்லாரும் கட்டாயம் செய்யணும். கஸ்டமுக்கும் மோசடிக்கும் நடுவுல இருக்குறது அந்த ஒரு வரிதான். ஒரு உதாரணம் சொல்றேன். உலகத்துலயே பிரபலமான வாக்னர் கார்டு ஒண்ணு இருக்கு, ஹாக்கி பிளேயர் வெய்ன் க்ரெட்ஸ்கியும் அவர் பார்ட்னரும் 1991ல 451,000 டாலருக்கு வாங்குனது, பிஎஸ்ஏ முதன்முதலா கிரேட் பண்ண கார்டே அதுதான். அதை முன்னாடி வித்த டீலர் பில் மாஸ்ட்ரோ, 2013ல மோசடி வழக்குல குற்றத்தை ஒத்துக்கிட்டப்போ, அந்தக் கார்டோட ஓரத்தைத் தானே வெட்டிச் சரி பண்ணதையும் ஒத்துக்கிட்டாரு. ஓரத்துல ஒரு நூலளவு வெட்டுறதுக்கு அவர் பயன்படுத்துன கைத்திறமையும், நாம முழுக் கார்டு செய்யுறதுக்குப் பயன்படுத்துற கைத்திறமையும் ஒண்ணுதான். அவர் வெட்டுனதை மறைச்சாரு, அதுதான் குத்தம். அதனால பழைய நல்ல கார்டு மேல கை வைக்காதீங்க, மேல பெயின்ட் அடிக்கவோ ஓரம் வெட்டவோ வேண்டாம், கோடிக்கணக்குல கிடக்குற ஜங்க் வாக்ஸ் போதும். ஒரு தடவை ஷோல நான் பண்ண மாதிரியே ஒருத்தர் பண்ண கஸ்டமை, பின்பக்கக் குறிப்பைச் சுரண்டி எடுத்துட்டு "டெஸ்ட் பிரின்ட், அரிய கார்டு"ன்னு ஒரு கடைக்காரர் அறுபது டாலருக்கு வச்சிருந்தாரு. லூப்ல பாத்தா சுரண்டுன தடம் அப்படியே இருக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அதுல இருந்து குறிப்பைச் சும்மா மேல அடிக்காம, பின்பக்க டிசைன் நடுவுலயே, வாழ்க்கைக் குறிப்போட கடைசி வரியா வர்ற மாதிரி வச்சுட்டேன், சுரண்டணும்னா பாதிக் கார்டு போயிடும்.

விக்குறதைப் பத்தியும் சொல்லிடறேன். டீம் லோகோ, பேரு எல்லாம் மேஜர் லீக் பேஸ்பால் உரிமை, இப்ப ஆடுற பிளேயர் முகத்துக்குப் பிளேயர் சங்கத்தோட லைசென்ஸ் வேணும். பெரிய கம்பெனியான அப்பர் டெக்கே 2010ல லோகோ தெரியுற மாதிரி கார்டு போட்டதுக்கு வழக்கு வாங்குச்சு, பானினிங்குற இன்னொரு கம்பெனியோட கார்டுகள்ல தொப்பில லோகோ இல்லாம வெறுமையா இருக்கும், காரணம் இதுதான். அதனால நான் எதையும் விக்குறது இல்ல, பிறந்தநாளுக்கு, சீசன் முடிஞ்சு டீம் பார்ட்டிக்குக் குடுக்குறதுதான். லிட்டில் லீக் பசங்க ஒவ்வொருத்தருக்கும் அவங்க போட்டோ போட்டு, 1987 டாப்ஸ் மரப்பலகை பார்டர் ஸ்டைல்ல, பின்பக்கம் அவங்க சீசன் கணக்கோட கார்டு பண்ணிக் குடுத்தோம். சீசன் முழுக்க ஒரே ஒரு ஹிட் அடிச்ச பையன் கார்டுலயும் அந்த ஒரு ஹிட் இருக்கு, யாரு பௌலிங்னு சொல்ற மாதிரி யாரு பிட்ச் பண்ணப்போ அடிச்சான்னு கூட எழுதுனோம். அவங்க அம்மா அதை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க.

நியூயார்க் பக்கம் இருக்குறவங்க மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் போனா அமெரிக்கன் விங்ல பேஸ்பால் கார்டுகளை மாத்தி மாத்தி வச்சிருப்பாங்க, போய்ப் பாருங்க. ஜெஃபர்சன் பர்டிக்னு ஒரு எலக்ட்ரிகல் பார்ட்ஸ் தொழிலாளி, மூணு லட்சத்துக்கும் மேல அச்சடிச்ச அட்டைகளைச் சேத்து மியூசியத்துக்குக் குடுத்தாரு, அதுல 30,000க்கு மேல பேஸ்பால் கார்டு. மேல சொன்ன வாக்னர் கார்டு வந்த செட்டை டி206னு சொல்வாங்க, அந்தப் பேர்ல இருக்குற எழுத்தும் நம்பரும் அவர் போட்ட கேட்டலாக்ல இருந்து வந்ததுதான். கை மூட்டு எல்லாம் ஆர்த்ரைட்டிஸ்ல முறுக்கிக்கிட்டு இருந்த நிலைமைலயும் வருஷக்கணக்கா மியூசியத்துக்கு வந்து தானே ஆல்பம் ஆல்பமா ஒட்டி வச்சாரு, 1963 ஜனவரில முடிச்சுட்டு ரெண்டே மாசத்துல காலமாயிட்டாரு. கார்டு எவ்ளோ பெறும்னு அவர் பாத்திருந்தா அந்த சேகரிப்பே இருந்திருக்காது.

இன்னொரு சந்தோஷம் போஸ்ட்ல ஆட்டோகிராஃப் வாங்குறது. பிப்ரவரி மார்ச்ல டீம் எல்லாம் ஃப்ளோரிடாலயும் அரிசோனாலயும் ஸ்பிரிங் டிரெயினிங்ல, அதாவது சீசனுக்கு முந்தின பயிற்சில இருக்கும், அந்த அட்ரஸுக்குப் பையனோட கையெழுத்துல ஒரு பக்க லெட்டர், ஒரே ஒரு கார்டு, நம்ம அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டுன திரும்பி வர்ற கவர், இவ்ளோதான். பளபளப்பான கார்டுன்னா லேசா பேபி பவுடர் தடவித் துடைச்சு அனுப்புனா மார்க்கர் மை உருண்டு போகாம பிடிக்கும். சூப்பர் ஸ்டாருக்கு அனுப்பாதீங்க, ரிலீவர் (கேம் நடுவுல மாத்தி இறக்குற பிட்சர்), கோச், ரிட்டயர் ஆனவங்க, இவங்க கிட்ட இருந்துதான் திரும்பி வரும். தொலைஞ்சா மனசு உடையுற கார்டை எப்பவும் அனுப்பாதீங்க.

இப்ப டேபிள்ல இருக்குறது குமார் ராக்கர் கார்டு. அம்மா வழில இந்திய வம்சாவளி, பிட்சர். 2021ல நியூயார்க் மெட்ஸ் டீம், டிராஃப்ட்ல (டீமுங்க முறை வச்சு புது பிளேயர்களைத் தேர்ந்தெடுக்குறது) எடுத்துட்டு கான்ட்ராக்ட் போடாம விட்டாங்க, அடுத்த வருஷம் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூணாவது ஆளா எடுத்தாங்க, 2024 செப்டம்பர்ல மேஜர் லீக்ல இறங்கிட்டாரு. பையன் மெட்ஸ் ஃபேன், அதனால மெட்ஸ் யூனிஃபார்ம்ல வராமப் போன ராக்கர் கார்டு ஒண்ணு, 1975 டாப்ஸ் மாதிரி ரெண்டு நிற பார்டர்ல. ஆரஞ்சும் நீலமும் சேர்ற இடத்துல கோடு இன்னும் சரியா வரல, பிரின்டரைக் கேலிபரேட் பண்ணி இந்த வீக்எண்ட் மறுபடி அடிக்கணும். அடுத்து இந்தியாவுல இருந்து வந்து 2008ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமோட கான்ட்ராக்ட் போட்ட ரிங்கு சிங் (கிரிக்கெட் ரிங்கு சிங் இல்ல), தினேஷ் பட்டேல் ரெண்டு பேருக்கும் பண்ணணும்னு லிஸ்ட்ல இருக்கு. நியூஜெர்சி பக்கம் யாராச்சும் பசங்களோட ஆரம்பிக்க நினைச்சீங்கன்னா சொல்லுங்க, 1990, 91 காமன்ஸ் என்கிட்ட பெட்டி பெட்டியா இருக்கு, வேணுங்குறதை எடுத்துக்கலாம், ஜெஸ்ஸோவும் பிளேடும் மட்டும் நீங்க வாங்கிக்கோங்க.